"இவரா வேட்பாளர்?"

"இவரா வேட்பாளர்?"

தேர்தல் வரும்போதெல்லாம் செஞ்சிக் கடைவீதியில் தவறாமல் கிளம்பும் கேள்வி இது. கேட்பவர் மாற்று முகாமைச் சேர்ந்தவரானால் நமக்குக் கவலையில்லை. அவர் அப்படித்தான் கேட்பார். கேட்காவிட்டால்தான் நாம் யோசிக்க வேண்டும். ஆனால், தோளிலே இருவண்ணத் துண்டும் வாயிலே வாழ்த்தொலியுமாக நிற்கும் நம் தோழரே கேட்கிறாரே, அதுதான் நெஞ்சில் தைக்கிறது!

"நல்லவர்தான் அண்ணே. உழைத்தவர்தான். கட்சிக்காகச் சிறைக்கும் போனவர்தான். ஆனால் கையில் காசில்லையே! நிற்பதும் முதல் தடவை. எதிரே நிற்பவர் வீட்டு வாசலில் எத்தனை கார் நிற்கிறது பார்த்தீர்களா?" என்கிறார்.

கார்களை எண்ணத் தெரிந்த தோழருக்கு வாக்குகளை எண்ணத் தெரியவில்லை. அதை எண்ணிக் காட்டத்தான் இன்று எழுதுகிறோம்.

செஞ்சி என்றதும் பலருக்குத் தேசிங்கு நினைவு வந்துவிடுகிறது. மேடை ஏறும் பேச்சாளரில் பத்துக்கு எட்டுப் பேர், புது வேட்பாளரை அறிமுகப்படுத்தும்போது, "தேசிங்கு போன்ற வீரர் இவர்" என்று தொடங்குகிறார்கள். வேண்டாம், தோழர்களே, அந்த உவமை! 1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு படையோடு எதிர்த்து மாண்டவன் அவன். வாழ்ந்தது இருபத்திரண்டு ஆண்டு. பணிய மறுத்தான் என்பதற்காகவே, அவன் வடநாட்டு வழியில் வந்தவன் என்பதையும் பாராமல், நம் மக்கள் அவனைப் பாட்டிலே வைத்துப் போற்றினார்கள். இசுலாமிய நண்பன் அவனோடு களத்தில் நின்ற கதையையும் மறவாமல் பாடினார்கள். பாடட்டும், நாமும் கேட்டுக் கண் கலங்குவோம். ஆனால் தேர்தல், பாட்டுக்காக மாளும் களமல்ல. நம் வேட்பாளர் வீரமாகத் தோற்று, நாம் அவரைப் பற்றிக் கண்ணீர்க் கட்டுரை எழுதுவதற்காகவா வேட்பு மனு போடுகிறோம்?

கோட்டையிலிருந்து பாடம் வேண்டுமானால் வேறொன்று இருக்கிறது. மொகலாயப் பெரும்படை இந்தக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்தது. யானை உண்டு, பீரங்கி உண்டு, தில்லியின் கருவூலம் உண்டு. இருந்தும் உள்ளே புக ஏறத்தாழ எட்டு ஆண்டு! அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரரின் சிறு படையொன்று ஒரே இரவில், இருட்டோடு இருட்டாக ஏறிப் பிடித்தது. அந்நியன் செய்ததைப் புகழ இதைச் சொல்லவில்லை. ஆள்பலமும் பணபலமும் உள்ளவன் வெளியே கூடாரமடித்துக் கிடக்க, பாறையில் ஏறும் வழி அறிந்தவன் உள்ளே போனான் என்ற கணக்கை மட்டும் சொல்கிறோம். 2025 சூலையில் இக்கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் ஏறியது. மற்றப் பதினொன்றும் மராட்டிய மாநிலத்தில். வெளிநாட்டார் வந்து பார்த்துப் போகிறார்கள். உள்ளூர்த் தோழரும் ஒரு தரம் ஏறிப் பார்க்கலாம்.

சரி, கோட்டைக் கதை போதும். ஓட்டுக் கதைக்கு வருவோம்.

1976 சனவரி 31. கழக அரசு கலைக்கப்பட்டது. மிசா பாய்ந்தது. கழகத்தவர் நூற்றுக்கணக்கில் சிறைக்குள் தள்ளப்பட்டனர், அங்கே அடிபட்டனர். சிட்டிபாபு உயிரையே இழந்தார். நம் ஏடுகளுக்குத் தணிக்கைப் பூட்டு. அதற்கு அடுத்த ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல். தமிழ்நாட்டில் கழகத்துக்குக் கிடைத்தது எத்தனை இடம்? இரண்டு! வடசென்னையில் ஆசைத்தம்பி மிஞ்சியவர்களுள் ஒருவர். "கழகம் முடிந்தது" என்று எழுதாத பத்திரிகை இல்லை. பேசாத திண்ணை இல்லை. மூன்றே மாதத்தில், ஜூனில், சட்டமன்றத் தேர்தல். எதிரே எம்.ஜி.ஆர். என்ற பெரும்புயல். இன்னொரு பக்கம் காங்கிரஸ். மற்றொரு பக்கம் புதிதாய் முளைத்த ஜனதா. நடுவே கழகம்.

234 இடங்களில் அண்ணா தி.மு.க. 130 பெற்றது. கழகம் பெற்றது 48. அந்த 48இல் ஒன்று எது? செஞ்சி!

ஆம், இதே செஞ்சிதான். அன்று என். இராமச்சந்திரன் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனார். புயல் மாநிலமெங்கும் மரங்களைச் சாய்த்தபோது இங்கே ஒரு கன்று வேர்விட்டது. 1980இலும் எம்.ஜி.ஆர்தான் ஆட்சி பிடித்தார். செஞ்சி மறுபடியும் அவரையே அனுப்பியது. பின்னாளில் அவர் வேறு அணிக்குப் போனார், மத்தியில் இணை அமைச்சரும் ஆனார். அந்த அரசியலில் நமக்கு உடன்பாடில்லை. அதற்காக 1977இன் கணக்கை ஏட்டிலிருந்து கிழித்துவிட முடியுமா? அந்த வெற்றி ஒருவருடையது மட்டுமல்லவே. மிசாவுக்கு அஞ்சாமல் கொடியைத் தூக்கிய ஊர் பேர் தெரியாத தோழர்களுடையது.

"நான்குமுனைப் போட்டி, வாக்குச் சிதறியது, அதனால் வென்றார்" என்பார் ஒரு மேதாவி. சிதறியது உண்மை. ஆனால் செஞ்சியில் மட்டுமா சிதறியது? மாநிலம் முழுதும்தான் சிதறியது. அப்படியிருந்தும் 48இல் மட்டும் நாம் வென்றது எப்படி? சிதறிய வாக்கைப் பொறுக்க எங்கே ஆள் நின்றானோ, அங்கே வென்றோம். ஆள் இல்லாத இடத்தில் அடுத்தவன் பொறுக்கிக்கொண்டான். மேதாவிக்கு வேறு பதில் தெரிந்தால் சொல்லட்டும்.

தென்னார்க்காட்டு மண்ணுக்கு இது புதிதுமல்ல. கழகம் தேர்தலிலே நிற்பதா வேண்டாமா என்று தயங்கிய காலம் ஒன்றிருந்தது. 1952இல் நாம் நிற்கவில்லை. அந்தத் தேர்தலிலேயே உதயசூரியன் சின்னத்தில் பக்கத்து விக்கிரவாண்டியில் வென்றவர் ஏ. கோவிந்தசாமி. பின்னர் அந்தச் சின்னத்தைக் கழகத்துக்கு ஈந்தவர் அவர். 1956இல் திருச்சி மாநாட்டில் அண்ணா என்ன செய்தார்? தலைவர்கள் நால்வர் கூடி அறைக்குள் முடிவெடுக்கவில்லை. வந்திருந்தோர் கையிலேயே வாக்குச் சீட்டைக் கொடுத்து, நிற்கலாமா என்று கேட்டார். சில ஆயிரம் பேர் வேண்டாம் என்றனர்; அரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நில் என்றனர். 1957இல் நின்றோம், பதினைந்து பேர் வென்றோம். 1958இல் தேர்தல் ஆணையம் நம்மை மாநிலக் கட்சியாக ஏற்று உதயசூரியனை நமக்கே உரியதாக்கியது. இன்று சுவரெல்லாம் எழுதுகிறோமே, அந்தச் சூரியன் விக்கிரவாண்டிப் பக்கம் எழுந்தது என்பதை இம்மாவட்டத்து இளைஞர் எத்தனை பேர் அறிவார்? கோவிந்தசாமி 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் வேளாண்மைத் துறைக்கு அமைச்சரானார்.

1957இல் நின்றவர்கள் யார்? மாளிகைக்காரரா? மில் முதலாளியா? பெரும்பாலும் மேடைப் பேச்சாளர், நாடகக்காரர், பத்திரிகையாளர், பள்ளி ஆசிரியர். குளித்தலையில் முதன்முறையாக நின்ற கலைஞருக்கு வயது முப்பத்திரண்டு. "கூத்தாடிகள் கட்சி" என்று அன்றைய கனவான்கள் கேலி பேசினார்கள். அன்று அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: "இவர்களா வேட்பாளர்கள்?" கனவான் கேட்ட கேள்வியை இன்று கழகத் தொண்டன் கேட்கலாமா?

பணம் வெல்லவே வெல்லாது என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. வென்றிருக்கிறது. 1962இல் காஞ்சியிலே அண்ணாவையே வென்றது! எதிர்த்து நின்றவர் பேருந்து முதலாளி நடேச முதலியார். தமிழ்நாட்டின் நாவையே தோற்கடித்தார்கள் காஞ்சிபுரத்தில். ஆனால் அதே தேர்தலில் கழகம் பதினைந்திலிருந்து ஐம்பதானது. ஒரு காஞ்சியில் கொட்டிய பணத்தை ஐம்பது ஊரில் கொட்ட முடியவில்லை.

ஐந்தாண்டு கழிந்தது. விருதுநகர். ஒன்பதாண்டு முதலமைச்சராக இருந்தவர், அகில இந்தியக் காங்கிரசுக்குத் தலைவர், பிரதமர்களைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர் என்று பெயர் பெற்ற காமராசர் ஒரு பக்கம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் பெ. சீனிவாசன் மறுபக்கம். "இவரா வேட்பாளர்?" என்று அன்று ஊரே சிரித்திருக்கும். எண்ணிக்கை முடிந்தபோது சீனிவாசனுக்கு 33,421, காமராசருக்கு 32,136. வேறுபாடு 1,285. காமராசர் தோற்றதற்கு அண்ணா வருந்தினார் என்பது ஊரறிந்த செய்தி. பெருந்தன்மை அது. நாம் பார்க்க வேண்டியது வேறு. 1,285 என்றால் என்ன? 643 பேர் மனம் மாறி அந்தப் பக்கம் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும்! தொகுதியில் நூறு சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவடிக்கு ஆறேழு பேர். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேர்தான். காமராசரைத் தோற்கடித்தது ஒரு பெஞ்சு!

பழங்கதை என்று தள்ளுவோருக்குப் புதுக்கதையும் உண்டு. 2016இல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் தோற்றது 87 வாக்கில். அதே ஆண்டு இராதாபுரத்தில் வேறுபாடு 49. 2021இல் சென்னைத் தியாகராய நகரில் கழகம் வென்றது 137இல். நாற்பத்தொன்பது வாக்கு என்றால் ஒரு தெரு. அந்தத் தெருவுக்குப் போகாமல் விட்டவர் யாரென்று அவரவர் மனத்துக்குத் தெரியும்.

காசில்லாதவன் கதையும் சொல்லட்டுமா? 2021, திருத்துறைப்பூண்டி. நம் அணியில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி சார்பில் நின்றார் க. மாரிமுத்து. குடிசை வீட்டுக்காரர். அவர் சொத்துக் கணக்கைப் படித்துப் பத்திரிகைகளே வியந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கில் வென்று, முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். அங்கே கார் இல்லை, கட்சி இருந்தது. வீட்டுக்கு வீடு போன கால்கள் இருந்தன.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? சட்டத்திலா? 1951ஆம் ஆண்டுச் சட்டம் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்ட டெபாசிட் 250 ரூபாய். இன்று 10,000, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி. ஊரார் துண்டேந்தினால் ஒரு நாளில் சேரும் தொகை. செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால் அதுவும் திரும்பி வரும். செலவுக்கு உச்சவரம்பு 40 இலட்சம் என்று 2022இல் உயர்த்தினார்கள். உச்சவரம்பு என்றால் அதற்குமேல் போகாதே என்று பொருள். நம்மவர் சிலர் அதையே நுழைவுக் கட்டணமாகப் படிக்கிறார்கள்! உண்மையில் புழங்கும் தொகை அந்த வரம்பைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சையிலும் பணப் பட்டுவாடா பெருகி, தேர்தலையே ஒத்திவைத்தார்கள். எந்தக் கட்சி, எந்தக் கட்சி என்று விரல் நீட்டாதீர்கள். நீட்டினால் நாலு விரல் எங்கெங்கோ திரும்பும்.

பணக்காரர் நின்றால் என்ன குறை? குறை, வென்ற பிறகு தெரியும். போட்ட முதலை எடுக்க வேண்டியவருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டையோடு காத்துக் கிடக்கும் உழவன் முகம் தெரியாது. எடை போடுவது தாமதமானால், மழை வந்து மூட்டை நனைந்தால், அந்த நட்டத்தைச் சுமப்பவன் யார் என்று அவருக்கு உறைக்காது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு இரயில் விடுவோம் என்று மத்திய அரசு அறிவித்து எத்தனையோ ஆண்டு ஓடிவிட்டது. இரயில் மட்டும் ஓடக் காணோம். கார் உள்ளவருக்கு இரயில் எதற்கு? பேருந்துப் படியில் தொங்குகிறவன் சட்டமன்றத்தில் எழுந்தால்தான் மாநில அரசைத் தட்டுவான். மாநிலத்தைத் தட்டினால்தான் தில்லிக்குக் கேட்கும்.

ஆகவே தோழர்களே, புதியவர் நிற்கிறார், ஏழை நிற்கிறார் என்றால் சோர்ந்து நிற்காதீர்கள். அவருக்குக் காசு தர உங்களால் முடியாது, அவரும் கேட்கவில்லை. உங்கள் தெருவின் வாக்காளர் பட்டியலைக் கையில் எடுங்கள். 2025இன் இறுதியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வரைவுப் பட்டியலில் தமிழ்நாடெங்கும் இலட்சக்கணக்கான பெயர்கள் நீங்கின. செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டவும் வெளியூர் போன குடும்பங்களின் பெயர் இருக்கிறதா, இல்லையா? யார் பார்த்தீர்கள்? வாக்குப் பதிவு நாளில் விடியுமுன் மாதிரி வாக்குப் பதிவு நடக்கும்போது நம் முகவர் அங்கே இருக்க வேண்டும். மாலையில் பதிவான வாக்கின் கணக்கைப் 17சி படிவத்தில் எழுதித் தருவார்கள். வாங்காமல் வெளியே வரக்கூடாது. எத்தனை முகவர்கள் பிற்பகல் பிரியாணிக்குப் பிறகு சாவடிப் பக்கம் திரும்புவதில்லை என்பது நமக்குத் தெரியாதா?

மேலே இருப்போருக்கும் ஒரு வார்த்தை. உரிமையோடுதான் சொல்கிறோம். விண்ணப்பித்தவரை நேர்காணலுக்கு அழைக்கும்போது, "எவ்வளவு செலவு செய்வீர்?" என்ற கேள்வி எழுகிறது என்று ஊரெல்லாம் பேச்சிருக்கிறது. அந்தக் கேள்வியை ஒருமுறை விட்டுவிட்டு, "உமது ஊர்ச் சாவடியில் போன தேர்தலில் நமக்கு எத்தனை வாக்கு, எந்தத் தெருவில் குறைந்தது, ஏன் குறைந்தது?" என்று கேளுங்கள். காருள்ளவர் பக்கத்திலிருக்கும் உதவியாளரைத் திரும்பிப் பார்ப்பார். பின்வரிசையில் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவர் தெருப் பெயரோடு சொல்வார். அவருக்குக் கொடுங்கள் செஞ்சியை.