கரன்ட் இல்லாத பத்து நாள்

ஐப்பசி பிறந்துவிட்டால் டி.வி.யில் புயல் பேச்சு ஆரம்பித்துவிடும். அறிவிப்பு வந்ததும் கடைக்கு ஓடி மெழுகுவத்தி, பிஸ்கட், பால் பவுடர் வாங்கி வைப்பதைத்தான் நம்மில் பலர் முன்னேற்பாடு என்று நினைக்கிறோம். என் கருத்து வேறு. புயல் அடிப்பது ஒரு ராத்திரி. அதற்குப் பிறகு கரன்ட் இல்லாமல் கிடக்கும் நாட்களுக்குத்தான் வீட்டைத் தயார் செய்யணும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். தண்ணீர்க் கதைதான் அவ்வளவாகப் பேசப்படவில்லை. மின்கம்பங்கள் விழுந்ததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற வழியில்லை. ஜெனரேட்டர் ஊர் ஊராகச் சுற்றியது. நம்ம முறை வரும்வரை குடத்தோடு காத்திருக்கணும். உரக்கடை வேண்டாம், கம்பெனி விதை வேண்டாம் என்று தற்சார்பு பேசுகிறோம். ஒரு குடம் தண்ணீருக்கு சுவிட்சை நம்பி இருந்தால் அது என்னங்க தற்சார்பு?

முப்பது வருஷம் பேங்கில் இருந்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வையுங்கள். 5 பேருக்குப் பத்து நாளைக்கு 250 லிட்டர். இரண்டு டிரம்மில் அடங்கிவிடும். ஆனால் கொட்டிலில் நிற்கும் மாடு? ஒன்றுக்கு நாளைக்கு 40 லிட்டர் என்றால், இரண்டு மாட்டுக்குப் பத்து நாளில் 800 லிட்டர். இதை டிரம்மில் பிடித்து வைத்து மாளாது. கையால் எடுக்கிற தண்ணீர் வேணும். கிணறு இருப்பவர்கள் புரட்டாசிக்குள் தூர்வாரி, ராட்டினமும் கயிறும் மாட்டி வையுங்கள். கிணறு இல்லாதவர்கள் நாலு வீடாகச் சேர்ந்து ஓர் அடிபம்பு போடலாம். வெள்ளம் ஏறிய கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர் போட்டு, காய்ச்சிக் குடிக்கணும்.

அடுத்தது விதை. பரணில் வைத்த விதை ஓடு பறந்த அன்றே நனைந்துவிடும். நன்றாகக் காயவைத்து, வேப்பிலையோடு காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். அதிலும் பாதியைக் கடலோரம் இல்லாத வேறு மாவட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே வீட்டில் இருக்கிற பாரம்பரிய ரகத்துக்கு ஒரு புயல் போதும்.

மாட்டை அவிழ்த்து விடுங்கள். கட்டிக் கிடந்தால் கொட்டிலோடு போய்விடும். நடுவில் காற்று சட்டென்று அடங்கினால் முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்.

பட்டா, அடங்கல், பாஸ்புக், காப்பீட்டு ரசீது எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் புயலில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லணும் என்கிறது பயிர்க் காப்பீட்டு விதி. செத்துக் கிடக்கிற போனில் எப்படிச் சொல்வது? டிராக்டர் பேட்டரியில் சார்ஜ் போட ஒரு ஒயர் வாங்கி வைத்திருக்கிறேன். அற்பப் பொருள்தான்.

அடுத்த கூட்டத்தில் விதைப் பகிர்வோடு இதையும் கேட்போம்: உங்கள் தெருவில் கரன்ட் இல்லாமல் தண்ணீர் எடுக்க முடிகிற வீடு எத்தனை? எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தேன். 42 வீட்டில் 3.