போலீஸ் மட்டும் போதாது சாமி, குமாஸ்தாவும் வேண்டும்

போலீஸுக்கு ஆள் எடுக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். 2023-ல் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே அறிவிப்பில் 3,359 இடங்களை அறிவித்தது (இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் எல்லாம் சேர்த்து). நல்ல விஷயம்தான். ஆனால் அதே துறையில் காக்கி போடாமல் வேலை பார்க்கும் ஆட்களைப் பற்றி யாராவது பேசுகிறோமா?

அவர்களுக்கு அமைச்சுப் பணியாளர்கள் என்று பெயர். (மந்திரி வீட்டில் வேலை பார்ப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள் :-)) குரூப் 4 எழுதி வரும் இளநிலை உதவியாளர், தட்டச்சர், அப்புறம் பதவி உயர்வில் உதவியாளர், கண்காணிப்பாளர். எஸ்.பி. ஆபீஸில் சம்பளப் பட்டியல், பயணப்படி, விடுப்பு, இன்கிரிமென்ட், ஓய்வூதியம், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு எல்லாம் இவர்கள் மேசையில்தான். ஆயிரம் கான்ஸ்டபிள் புதிதாக வந்தால் ஆயிரம் பணிப்பதிவேடும் கூடவே வரும். அதை யார் எழுதுவது? குமாஸ்தா இடம் காலியாகக் கிடந்தால் வேலை நின்றுவிடாது. "நீ கம்ப்யூட்டர் தெரிந்த பையன்தானே, இங்கே உட்காரு" என்று ஒரு கான்ஸ்டபிள் அயல்பணியில் வந்து உட்காருவார். கணக்கில் அவர் போலீஸ். ரோட்டில் இல்லை.

ஸ்டேஷனில் நிலைமை இன்னும் மோசம். அங்கே குமாஸ்தாவே கிடையாது, ரைட்டர்தான். அவரும் காக்கிதான். எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். ரசீது, பொது நாட்குறிப்பு, வழக்குச் சொத்துப் பதிவேடு, கோர்ட்டுக்குப் போகும் கட்டு எல்லாம் அவர் தலையில். 2009-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த சி.சி.டி.என்.எஸ். வந்தபிறகு கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை வேறு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்களில் சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், அதையும் பத்திரமாக அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதை ஏறும் ஜீப்புகளை நிறுத்தி, எத்தனை பேர் உள்ளே என்று எண்ணிப் பார்க்க ஒரு போலீஸ்காரர் வேண்டும். அவர் கீழே தட்டச்சு செய்துகொண்டிருந்தால் மேலே யார் நிற்பது?

பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நிலைக் காவலரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 18,200. இளநிலை உதவியாளருக்கு 19,500. ஆகவே குமாஸ்தா மலிவு என்று நான் வாதாடவில்லை. ஆனால் அந்தக் காவலருக்கு மாதக்கணக்கில் கவாத்து, துப்பாக்கி, சட்டம் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்தச் செலவு முழுவதும் பயணப்படி பில்லைச் சரிபார்க்கவா?

இங்கிலாந்தில் இந்தக் கூத்து பெரிய அளவில் நடந்தது. 2010-க்குப் பிறகு சிக்கனம் என்று போலீஸையும் குறைத்தார்கள், சிவிலியன் ஊழியரையும் குறைத்தார்கள். 2019-ல் போரிஸ் ஜான்சன் 20,000 போலீஸ் எடுப்பேன் என்றார், 2023 மார்ச்சுக்குள் எடுத்தும் காட்டினார்கள். சிவிலியன் ஊழியருக்கு அப்படி ஒரு வாக்குறுதி கிடையாது. போலீஸ் எண்ணிக்கை குறைந்தால் மானியம் போய்விடும் என்ற நிபந்தனை வேறு. விளைவு? ஊழியர் பார்த்த மேசை வேலையில் யூனிஃபார்ம்காரர்கள்.

நமக்கும் இது புதிதில்லை. ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்ததாக அரசாணை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி கண்டிக்க வேண்டி வந்தது. காவலரை எந்த வேலைக்கும் இழுக்கலாம் என்ற பழக்கம் அவ்வளவு ஊறியிருக்கிறது.

"ரகசியம் வெளியே போய்விடும், ஸ்டேஷனுக்குள் சிவிலியன் கூடாது" என்பார்கள். எஸ்.பி. ஆபீஸில் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைப் பார்ப்பது யார் ஐயா? கோர்ட்டில் கட்டு வைத்திருப்பது யார்? அவர்கள் எல்லாம் காக்கியா போட்டிருக்கிறார்கள்?

2025 குரூப் 4 அறிவிப்பில் எல்லாத் துறைக்கும் சேர்த்து முதலில் வந்தது 3,935 இடம். எழுத விண்ணப்பித்தது 13 லட்சத்துக்கும் மேல். ஆள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

காவல்துறை மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது எத்தனை காவலர் எடுத்தீர்கள் என்று கேட்கிற எம்.எல்.ஏ.க்கள், எத்தனை அமைச்சுப் பணியிடம் காலி, அந்த நாற்காலிகளில் எத்தனை காவலர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மாவட்டவாரியாகக் கேட்கட்டும். தேனி மாவட்டத்துக்கான பதிலைப் படிக்க நான் காத்திருக்கிறேன்.