பார்க்கக் கிடைக்காத படத்துக்குப் பரிந்துரை எதற்கு?

ஐந்து மொழிகளில் குரல்மாற்றம் செய்யப்பட்டு, ஒரே வெள்ளிக்கிழமையில் நாடெங்கும் வெளியாகும் படத்துக்கு இன்று ‘பான் இந்தியா’ என்று பெயர். 2015-இல் ‘பாகுபலி’ திறந்துவிட்ட அந்தப் பாதையில் ‘கே.ஜி.எஃப்.’, ‘புஷ்பா’, ‘ஆர்.ஆர்.ஆர்.’ என்று வரிசையாக வந்த படங்களைக் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். பார்த்து மகிழ்ந்ததில் குறைகூற ஏதுமில்லை. ஆனால் அந்தச் சொல்லைத்தான் ஏற்க முடியவில்லை. ஒரு படம் பல மொழிகளுக்குள் போவது சந்தையின் விரிவு. பல மொழிகளின் படங்கள் ஒரு பார்வையாளரிடம் வந்து சேர்ந்தால்தான் அதை அனைத்திந்தியத் திரைப்படப் பண்பாடு என்று அழைக்க முடியும். முதலாவது கொழுத்து வளர்ந்திருக்கிறது. இரண்டாவதோ, முன்பு இருந்த அளவுக்குக்கூட இன்று இல்லை.

வாரந்தோறும் வெளிவரும் பரிந்துரைப் பட்டியல்களைப் பார்த்தாலே இது விளங்கும். ‘இந்த வாரம் என்ன பார்க்கலாம்’ என்ற தலைப்பின்கீழ் வருபவை பெரும்பாலும் அந்த வாரம் ஓடிடி நிறுவனங்கள் இறக்கிய சரக்கின் அட்டவணைதான். அதற்கு அடுத்த நாள் வசூல் கணக்கு வருகிறது. தயாரிப்பாளரின் கணக்குப்பிள்ளை கவலைப்பட வேண்டிய தொகையை, நுழைவுச்சீட்டுக்குக் காசு கொடுத்தவர் தம் வெற்றியாக எண்ணி மகிழ்கிறார். படத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தை எண்கள் பிடித்துக்கொண்டன.

இதற்கு மாற்றாக நிற்பதாகக் கருதிக்கொள்ளும் இன்னொரு கூட்டம் உண்டு: திரைப்பட விழாக்களுக்குச் செல்வோர், விமர்சகர்கள், பல்கலைக்கழகத்துறையினர். இவர்களின் ஆண்டிறுதிப் பட்டியல்களில் நல்ல படங்கள் இருக்கின்றன. ஆனால் அப்படங்களை எங்கே, எப்போது, எந்த மொழியின் துணையோடு பார்க்கலாம் என்ற குறிப்பு இருப்பதில்லை. பூட்டிய வீட்டின் விருந்தை வெளியில் நின்று வர்ணிப்பதைப் போன்றது இது. கேட்பவருக்குப் பசி ஆறாது. சொல்பவரின் பெருமைதான் வளரும்.

2024-இல் நடந்ததை நினைவுகூர்ந்தால் போதும். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’ அந்த ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசை வென்றது. ஷாஜி என். கருணின் ‘ஸ்வம்’ 1994-இல் போட்டியிட்ட பிறகு, முப்பது ஆண்டுகள் கழித்து அவ்விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற இந்தியப் படம் அது. மும்பையில் பணிபுரியும் மலையாளிச் செவிலியர் இருவரையும், குடியிருப்பை இழக்கவிருக்கும் மராத்தியச் சமையல் தொழிலாளி ஒருவரையும் பற்றிய கதை. மலையாளமும் இந்தியும் மராத்தியும் அதில் இயல்பாகக் கலந்து ஒலிக்கின்றன. செப்டம்பரில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு ஆஸ்கருக்கு ‘லாபதா லேடீஸ்’ படத்தைத் தேர்ந்தெடுத்தது. கபாடியாவின் படம் இந்தியாவில் நிகழும் ஐரோப்பியப் படம்போல இருப்பதாகத் தேர்வுக்குழு கருதியது என்ற செய்தியும் வந்தது. நாடெங்கும் வாதம் மூண்டது. ஒருசாரார் தேசப் பெருமை என்றனர். மறுசாரார் அந்நியப் பார்வை என்றனர்.

கேரளத்தின் சில அரங்குகள் நீங்கலாக, நாட்டின் பிற பகுதிகளில் அப்படம் திரைக்கு வந்ததோ நவம்பர் 22-இல்தான். அதாவது, புகழ்ந்தோரிலும் இகழ்ந்தோரிலும் பெரும்பாலோர் பார்க்காத ஒரு படத்தைப் பற்றி ஒரு நாடு இரண்டு மாதம் சண்டையிட்டது. பார்ப்பதற்கு வழி இல்லாத இடத்தில் கலை, கொடியாகவோ குற்றச்சாட்டாகவோ மட்டுமே எஞ்சும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1965-இல் திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் அவருடைய தோழர்களும் சித்ரலேகா சங்கத்தை நிறுவினர். இச்சங்கங்கள் பட்டியல் போடுவதோடு நிற்கவில்லை. படச்சுருளை வரவழைத்தன, நாற்காலி போட்டன, திரையிட்டன. பரிந்துரையும் திரையிடலும் அங்கே ஒரே செயலாக இருந்தன. பின்னர் 1980-களில் தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பு ஞாயிறு பிற்பகல்களில் மாநில மொழிப் படங்களைக் காட்டியது. அசாமியமும் ஒடியாவும் கன்னடமும் காசு கேட்காமல் நடுக்கூடத்துக்குள் வந்தன. அத்திட்டத்தை மிகையாகப் புகழ வேண்டியதில்லை. அன்றும் துணைத்தலைப்புகள் ஆங்கிலத்தில்தான் ஓடின. ஆயினும் அடுத்த மாநிலத்தில் மனிதர் எப்படி வாழ்கிறார், எதற்கு அழுகிறார் என்பதை அறிய ஒரு சன்னலாவது திறந்திருந்தது.

இன்று அந்தச் சன்னலின் இடத்தில் ஓடிடி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. ஆனால் அது கடை; நூலகம் அன்று. உரிம ஒப்பந்தக் காலம் முடிந்ததும் படம் அலமாரியிலிருந்து காணாமற்போகிறது. முன்பு பார்த்தவற்றைப் போன்றவற்றையே மேலும் மேலும் காட்டும் கணிப்புமுறை, முன்பு பார்க்காத மொழியை ஒருவருக்கு ஏன் காட்டப்போகிறது? பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது; அவ்வாண்டு ஆஸ்கருக்கான இந்தியத் தேர்வும் அதுவே. தமிழ்நாட்டின் வறண்ட நிலத்தில், தமிழில் எடுக்கப்பட்ட அந்தப் படம் தமிழ்ப் பார்வையாளர்களின் வீட்டுத்திரைக்கு வந்தது 2023-இல்தான். சொந்த மொழிப் படத்துக்கே இந்தக் காத்திருப்பு என்றால் அசாமியப் படத்தின் கதியைச் சொல்லவும் வேண்டுமா?

ரீமா தாஸின் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’ 2018-இல் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஜானு பருவாவின் ‘ஹலோதியா சொராயே பாவோதான் காய்’ படத்துக்குப் பின், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஓர் அசாமியப் படத்துக்குக் கிடைத்த விருது அது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு அனைத்தும் ஒரே பெண்ணுடையவை. கிதார் வாங்க ஏங்கும் ஒரு சிற்றூர்ச் சிறுமியின் கதையைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் தேவையில்லை. ஆனால் ஆங்கிலம் தேவைப்படுகிறது. துணைத்தலைப்பு ஆங்கிலத்தில் மட்டும் வருவதால், அதே வயதில், அதே வறுமையில், அதே ஏக்கத்தோடு மதுரைப் பக்கத்திலோ விதர்பாவிலோ இருக்கும் சிறுமிக்கு அப்படம் மூடிய புத்தகம். இந்திய மொழிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள இடையில் ஓர் ஆங்கிலச் சுங்கச்சாவடி நிற்கிறது. கட்டணம் செலுத்த முடிந்தோர் அதைக் கவனிப்பதே இல்லை. விழா அரங்கில் அமர்ந்து மக்கள் கலையைப் பற்றிப் பேசுவோர் முதலில் வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான்.

‘மக்கள் பார்க்கமாட்டார்கள்’ என்பது அடுத்த வாதம். 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ குரல்மாற்றம் இல்லாமல் மலையாளத்திலேயே தமிழ்நாட்டு அரங்குகளை நிறைத்தது. கொடைக்கானலும் ஒரு பழைய தமிழ்ப் பாட்டும் அதற்குக் கைகொடுத்தன என்பது உண்மையே. எனினும் வேற்றுமொழியைக் கேட்டு எவரும் எழுந்து ஓடிவிடவில்லை. மக்களுக்கு வாய்ப்பே கொடுக்காமல் மக்களின் ரசனையின்மீது பழிபோடுவது நேர்மையன்று.

அரசுக்கு இதில் கடமை உண்டு. தேசியத் திரைப்பட விருதுகள் 1954 முதல் பொதுப் பணத்தில் வழங்கப்படுகின்றன. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுக்கெனத் தனித்தனி விருதுகளும் உண்டு. குடியரசுத் தலைவர் விருது அளிக்கும் படத்தைக் குடிமக்களால் பார்க்க முடியாவிட்டால் அந்த விருதின் பொருள் என்ன? திரைப்படப் பிரிவு, ஆவணக் காப்பகம், விழா இயக்ககம், குழந்தைகள் திரைப்படச் சங்கம் ஆகியவற்றைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு 2022-இல் இணைத்தாயிற்று. 2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்ற ஓடிடி தளத்தையும் தொடங்கியது. நிறுவனம் இருக்கிறது, அலைவரிசை இருக்கிறது, தளமும் இருக்கிறது. விருது பெறும் ஒவ்வொரு படமும் ஓராண்டுக்குள் பொது ஒளிபரப்பில் வர வேண்டும். தயாரிப்பாளருக்கு உரிய தொகை கிடைக்க வேண்டும். அட்டவணை மொழிகள் அனைத்திலும் துணைத்தலைப்பு இருக்க வேண்டும். ஒரு சராசரிப் படத்தின் உரையாடல் ஒரு குறுநாவலின் அளவுகூட வராது. நாட்டில் மொழிபெயர்ப்பாளருக்கும் பஞ்சமில்லை. அரசுத் தளம் தணிக்கை செய்யும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் இவை ஏற்கெனவே சான்றிதழும் விருதும் பெற்ற படங்கள். தான் பரிசளித்த படத்தையே காட்ட அஞ்சும் அரசு, அந்த அச்சத்தை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

பரிந்துரைப்போருக்கும் ஒரு சொல். ஆனந்த் ஏகர்ஷியின் ‘ஆட்டம்’, சைதன்ய தம்ஹானேயின் ‘கோர்ட்’, ஜயந்த் சோமல்கரின் ‘ஸ்தள்’, ரோஹன் கனவடேயின் ‘சாபர் போண்ட’ ஆகியவை பரிந்துரைக்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. இப்பெயர்களை அடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அவற்றில் ஒன்றையேனும் முறையான அனுமதி பெற்று ஒரு கல்லூரி வகுப்பறையிலோ மாவட்ட நூலகத்திலோ திரையிடுவதும், அதன் உரையாடலைத் தமிழிலோ தெலுங்கிலோ வங்காளத்திலோ பெயர்த்து இயக்குநரிடம் கொடுப்பதும் கடினம். பத்துப் படங்களின் பெயரை ஆயிரம் பேருக்குச் சொல்வதைவிட ஒரு படத்தை ஐம்பது பேருக்குக் காட்டுவது மேலான விமர்சனப் பணி. ராயின் தலைமுறை அதைச் செய்தது. அவர்களிடம் இணையமும் கைப்பேசியும் இருக்கவில்லை. வாடகைக்கு எடுத்த படமெறிகருவியும் ஒரு வெள்ளைத் துணியும் இருந்தன.