சேற்றுக்கு வேண்டுவது இழுவிசை

ஐப்பசி மழையில் பூவிருந்தவல்லி வயற்பாதைகளில் காய்கறி ஏற்றிய பிக்கப் வண்டிகள் புதைவது கண்டு, அங்கத்தினர் சிலர் பெரிய டயர் மாட்ட எண்ணுகின்றனர். அது அரைகுறை வேலையேயாகும். டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் இழுவிசை ஏறத்தாழ 9 சதவிகிதம் குறையும். அதை ஈடுசெய்ய, அச்சிலுள்ள கிரவுன், பினியன் பற்சக்கரங்களின் விகிதத்தையும் மாற்ற வேண்டும். நான்கு சக்கர இயக்கமாயின் இரண்டு அச்சுகளிலும் ஒரே விகிதம் வேண்டும். அன்றியும், பதிவுச் சான்றிதழில் கண்ட தயாரிப்பாளரின் விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. தனித்தனியே பணத்தை இறைப்பதைவிட, தொழிற்சாலையிலேயே நான்கு சக்கர இயக்கத்துடன் அமைந்த வண்டியொன்றைச் சங்கம் பொதுவில் வாங்கட்டும். வயலிலிருந்து தார்ச்சாலை வரை அது சுமக்கட்டும். நெசவாளரின் நூல் மூட்டைகளுக்கும் மழைநாளில் உதவட்டும். கூட்டுறவின் பயன் இதுவன்றோ!