பொள்ளாச்சி கடற்படைக்காரரும் நம்ம ஊர் செல்போனும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பாதிப்பேர் செல்போனில் படமோ கிரிக்கெட்டோ பார்த்துக்கொண்டுதான் வருவார்கள். அந்த 4ஜி வேகத்துக்கு அடிப்படையான யோசனைகளில் ஒன்று, 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்த ஒரு கடற்படை அதிகாரியுடையது. பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ்.

நம் பக்கம் மிலிட்டரி வேலை என்றால் ஓட்டம், பென்ஷன், கேன்டீன் அவ்வளவுதான். "படிப்பு ஏறலையா, பட்டாளத்துக்கு அனுப்பு" என்று சொல்லும் பெரியப்பாக்கள் இன்றும் இருக்கிறார்கள். பால்ராஜ் 15 வயதில் தேசிய பாதுகாப்பு அகாடமியில் சேர்ந்தவர். கடற்படையே அவரை டெல்லி ஐ.ஐ.டி.க்குப் படிக்க அனுப்பியது. 1973-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதற்கு நடுவில் 1971 டிசம்பர் 9. பாகிஸ்தான் நீர்மூழ்கி, டையூ அருகே ஐ.என்.எஸ். குக்ரியை மூழ்கடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். தண்ணீருக்கடியில் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எதிரியைக் கண்டுபிடிக்கும் கருவிதான் சோனார். அது சரியாக இல்லையென்றால் உயிர் போகும் என்பது வகுப்பில் படித்த பாடம் அல்ல, கண்முன் நடந்தது. பால்ராஜ் பழைய சோனாரை மேம்படுத்தினார். பிறகு கொச்சியில் ஒரு குழுவோடு உட்கார்ந்து 'அப்சோ' என்ற சோனாரை உருவாக்கினார். 1983-ல் அது கப்பலுக்கு வந்தது. வெளிநாட்டில் வாங்கிப் பழகிய சாமான் இது!

1991-ல் ஓய்வுபெற்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டுக்குப் போனார். அங்கே ஒரே அலைவரிசையில் கலந்து வரும் சிக்னல்களைப் பிரிக்கும் ஆய்வு. கலைந்து வருவதைப் பிரிக்க முடியுமென்றால், வேண்டுமென்றே பல ஆன்டெனாக்களில் வேறுவேறு தகவலை ஒரே நேரத்தில் அனுப்பலாமே? இதுதான் 'மைமோ'. சுவர்களில் மோதித் திரும்பும் அலையை அதுவரை தொல்லை என்றார்கள், இதில் அதுவே உதவி. 1994-ல் காப்புரிமை, 2014-ல் மார்க்கோனி பரிசு.

காமர்ஸ் படிப்பவன் உடனே கணக்குப் போடுவான்: படிக்கவைத்த செலவு இந்தியாவின் பற்றில், பலன் கலிபோர்னியாவின் வரவில். இது தப்புக் கணக்கு. ஏறக்குறைய 30 வருடம் சீருடையில் உழைத்தவர், கப்பல்களுக்குச் சோனார் கொடுத்தவர். பெங்களூரில் 1986-ல் தொடங்கிய செயற்கை அறிவு ஆய்வு மையத்துக்கு முதல் இயக்குநரும் இவர்தான். கடன் வட்டியோடு தீர்ந்தது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேலைக்கு நடுவில் ஓர் அதிகாரியைப் படிக்க அனுப்பியதால்தான் இத்தனையும் நடந்தது. அரசு அலுவலகமோ ராஜபாளையம் மில்லோ, வேலை பார்க்கிற ஆளுக்கு "மூன்று வருடம் படித்துவிட்டு வா" என்று லீவு கொடுக்க எத்தனை மேலதிகாரிக்கு மனசு வரும்? பெரும்பாலும் கேட்கவே ஆளுக்குத் தைரியம் வருவதில்லை.