"நம்ம பிள்ளைங்க ஆறு பேர்தான்"

கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்னு பேச்சை எடுத்தாலே நம்ம ஆட்கள் ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சுடுவாங்க. ஒரு கோஷ்டி, "எல்லாம் மதமாற்ற ஃபேக்டரி"ம்பாங்க. இன்னொரு கோஷ்டி, "உங்க தாத்தாவுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்ததே நாங்கதானேய்யா"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வருவாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே ஒரு ஒற்றுமைதான். கோயிலுக்குப் பின்னாடி ஓட்டுக் கூரையோட நிக்குற ஆர்.சி. தொடக்கப்பள்ளிக்குள்ள ரெண்டு பேருமே சமீபத்துல எட்டிப் பார்த்தது கிடையாது.

நான் அங்கதான் ஒண்ணாம் வகுப்புலருந்து அஞ்சாம் வகுப்பு வரை படிச்சேன். புதுநன்மை வாங்கினவன், பீடத்துல மணி அடிச்சவன், இப்பவும் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன் (கிளையன்ட் கால் இல்லாத ஞாயிறுன்னு சேர்த்துப் படிங்க). திட்ட வர்றவங்க வசதிக்காக இதை முதல்லயே சொல்லிடுறேன். நான் இப்போ சண்டைக்கு நிக்கிறது ரெண்டு கோஷ்டி கூடவும் இல்ல, எங்க சொந்தப் பங்கு கூட.

விஷயம் இதுதான். எங்க ஊர்ல ஒரே காம்பவுண்டுக்குள்ள பங்குக்கு ரெண்டு பள்ளிக்கூடம். பழசு, அரசு உதவி பெறும் தமிழ் வழித் தொடக்கப்பள்ளி. ஃபீஸ் கிடையாது, வாத்தியார் சம்பளம் அரசாங்கம் கொடுக்குது, கட்டிடத்தை மட்டும் நிர்வாகம் பார்த்துக்கணும். புதுசு, சுயநிதி இங்கிலீஷ் மீடியம். கண்ணாடி ஜன்னல், டை, ஷூ, வேன், ஃபீஸ். இந்தப் புதுப் பள்ளியிலருந்து மாசா மாசம் 'விசுவாசமும் சமூக வாழ்வும்'னு ஒரு பிடிஎஃப் பங்கு வாட்ஸப் குரூப்ல வரும். இம்மாதப் புனிதர், இம்மாத நற்பண்பு, முதல் வெள்ளித் திருப்பலி படங்கள், பிறந்தநாள் பிள்ளைகள். ஜூன்னா திரு இருதயம், அக்டோபர்னா ஜெபமாலை, நவம்பர்னா கல்லறைத் திருநாள், டிசம்பர்னா குடில். சும்மா சொல்லக்கூடாது, டிசைன் நல்லாவே பண்றாங்க.

போன மாச நற்பண்பு என்ன தெரியுமா? 'பகிர்தல்'. ஒரு பாப்பா தன் டிபன் பாக்ஸை இன்னொரு பாப்பாகிட்ட நீட்டுற மாதிரி படம். அதே வாரம் பங்குப் பேரவையில பேசின விஷயம்: பழைய பள்ளிக்கூடத்தை மூடிட்டு அந்த இடத்துல புதுப் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் கட்டிடம் கட்டலாமா.

பேரவையில இருக்கிற ஒரு அண்ணாச்சிக்கு போன் போட்டுக் கேட்டேன். நல்ல மனுசன், எங்க அப்பாவுக்குக் கூட்டாளி. "தம்பி, மொத்தமே முப்பத்தோரு பேரு. அதுல நம்ம பிள்ளைங்க ஆறு பேர்தான். மத்தவங்க பிள்ளைங்களுக்கு ஓடு மாத்த நாம எதுக்குப்பா வரி பிரிக்கணும்?"னார்.

"மிச்சம் இருபத்தஞ்சு பேர் யாரு அண்ணாச்சி?"ன்னேன். "நீ வெளியூர்ல ஏசியில உட்கார்ந்துகிட்டுப் பேசுவ"ன்னு வச்சுட்டார்.

அந்த 'நம்ம பிள்ளைங்க' எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அது பேரவையில வந்ததில்ல மக்களே. எங்களுக்கு ஆறு வயசுலயே சொல்லிக் கொடுத்தது. எப்படின்னா, முதல் வெள்ளியில.

வெளியில இருக்கிறவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். முதல் வெள்ளி பக்தி 17-ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்த மார்கரீத் மரியா அலக்கோக்ங்கிற கன்னியாஸ்திரி வழியா வந்தது. தொடர்ந்து 9 மாசம், மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்டு நற்கருணை வாங்கணும். சின்னப் பிள்ளைங்க இதுக்குள்ள வந்தது பிற்பாடு. 1910-ல பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், ஏழு வயசு வாக்குல விவரம் தெரிஞ்சாப் போதும், புதுநன்மை கொடுக்கலாம்னு ஆணை போட்டார். அதுக்கப்புறம் தொடக்கப்பள்ளியும் முதல் வெள்ளியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஜூன்ல ஆரம்பிச்சா பிப்ரவரியோட ஒன்பது கணக்கு சரியா முடியும், பள்ளி வருசத்துக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி. காலாண்டு லீவு அக்டோபர் முதல் வெள்ளி மேல விழுந்துச்சுன்னா மட்டும் லூப் பிரேக் ஆயிடும், திரும்ப முதல்லேருந்து. எங்க சிஸ்டர் இதுக்காகவே லீவு நாள்லயும் பூசைக்கு வரச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்புவாங்க :-)

பக்தியில எனக்குப் புகார் இல்ல. புகார், அன்னிக்குக் காலையில நடக்கிற ஒரு காரியத்துல. முதல் மணி அடிச்சதும் டீச்சர் சொல்வாங்க, "ஆர்.சி. பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க." நாங்க எந்திரிச்சு ரெண்டு ரெண்டு பேரா கோயிலுக்குப் போவோம். மத்தவங்க வேப்ப மரத்தடியில உட்கார்ந்திருப்பாங்க. தினமும் கடைசி பீரியடுக்கும் இதே கதைதான். எங்களுக்கு ஞானோபதேசம், அவங்களுக்கு நன்னெறி. (நன்னெறி டீச்சர் பிரமாதமா கதை சொல்வாங்க. எங்களுக்கு மனப்பாடம். அந்த வயித்தெரிச்சல் இன்னும் தீரல.) அஞ்சு வருசம், மாசா மாசம், தினம் தினம் எந்திரிச்சு எந்திரிச்சு, யார் நம்மாளு யார் மத்தவன்னு உடம்புக்கே பழகிப் போச்சு. அந்த வகுப்புல எந்திரிச்ச ஒருத்தர்தான் இன்னிக்குப் பேரவையில உட்கார்ந்து ஆறு, இருபத்தஞ்சுன்னு எண்ணுறார்.

"அப்போ எல்லாரையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணுமா?"ன்னு கேட்பீங்க. கூடவே கூடாது. அரசியல் சட்டம் பிரிவு 28(3) தெளிவாச் சொல்லுது: அரசு உதவி வாங்குற பள்ளியில, பெற்றவங்க சம்மதம் இல்லாம பிள்ளையை மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்த முடியாது. 2024 ஏப்ரல்ல இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தங்களோட பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் அனுப்புச்சு. பிற மதப் பிள்ளைங்க மேல நம்ம மரபுகளைத் திணிக்காதீங்க, காலை அசெம்பிளியில அரசியல் சட்ட முகப்புரையைப் படிக்க வைங்க, எல்லா மதத்தாரும் ஜெபிக்க ஒரு பொது அறை வைங்கன்னு. நல்ல காரியம். நான் கேட்கிறது அதுக்கு அடுத்த படி. நம்ம பிள்ளைக்கு மறைக்கல்வி கொடுக்க ஞாயித்துக்கிழமை இருக்கு, பங்குல வகுப்பும் நடக்குது. முதல் வெள்ளிப் பூசையைச் சாயந்திரம் ஆறு மணிக்கு வச்சா அப்பா அம்மாவோட வரட்டும். பள்ளிக்கூட நேரம் மொத்தத்தையும் முப்பத்தோரு பேரும் ஒண்ணா உட்காருற நேரமா விட்டா என்ன குறைஞ்சு போகும்? விசுவாசமா? பள்ளிக்கூட மணியடிச்சாத்தான் நிக்கும்னா அது என்ன விசுவாசம் சார்?

மதமாற்ற கோஷ்டிக்கு நடுவுல ஒரு வரி. அந்த வேப்ப மரத்தடியில உட்கார்ந்திருந்த என் சேக்காளி ஒருத்தன், அருள் நிறைந்த மரியேவை என்னை விட வேகமாச் சொல்வான். இப்போ வருசா வருசம் மாலை போட்டு சபரிமலைக்குப் போறான், எனக்கு அரவணைப் பாயசம் கொண்டு வந்து தர்றான். ஃபேக்டரியோட புரொடக்ஷன் இம்புட்டுதான்.

திரும்ப மேட்டருக்கு வரேன். "மூடினா என்ன? பக்கத்துலயே நம்ம இங்கிலீஷ் மீடியம் இருக்குல்ல, அங்க சேரட்டும்"ங்கிறாங்க. எப்படிச் சேரும்? கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 12(1)(இ) படி தனியார் பள்ளிங்க நுழைவு வகுப்புல 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாக் கொடுக்கணும். ஆனா 2014-ல உச்ச நீதிமன்றத்தோட ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிரமதி வழக்குல, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. 2025 செப்டம்பர்ல ரெண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானான்னு ஐயம் கிளப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும்னு தலைமை நீதிபதி பார்வைக்கு அனுப்புச்சு. அது எப்படியும் போகட்டும். எங்க ஊர் கணக்கு இதுதான்: பழைய பள்ளியில ஏழைப் பிள்ளைக்கு இடம் இருக்கு, ஃபீஸ் இல்ல. புதுப் பள்ளியில 25 சதவீதமும் இல்ல, ஃபீஸ் உண்டு. பழசை மூடின அன்னிக்கு, எங்க பங்கு நடத்துற கல்வியில உப்பளத்துக்குப் போறவங்க பிள்ளைக்கும் கட்டிட வேலைக்குப் போறவங்க பிள்ளைக்கும் ஒரு பெஞ்சு கூட மிஞ்சாது.

சிறுபான்மை உரிமைன்னு பிரிவு 30 கொடுத்திருக்கே, அதை யாராவது பறிக்க வந்தா நானும் சேர்ந்துதான் கத்துவேன். ஆனா அந்த உரிமையை வச்சுக்கிட்டு ஏழைங்களுக்கு கேட்டைச் சாத்தறதுக்கு யார் கேட்டாங்க? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையில கத்தோலிக்கப் பள்ளி யார் மேல தனி அக்கறை வைக்கணும்னு இருக்கு. கையில காசில்லாதவங்க, குடும்ப ஆதரவு இல்லாதவங்க, விசுவாசத்துல பங்கில்லாதவங்க. மூணாவதை இன்னொரு தடவை படிங்க. அண்ணாச்சி 'மத்தவங்க'ன்னு கழிச்சுவிட்ட அதே இருபத்தஞ்சு பேர்.

எதிர்த்தரப்புல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன். "இங்கிலீஷ் மீடியம்தான் வேணும்னு பெத்தவங்களே டிசி வாங்கிட்டுப் போறாங்க." உண்மைதான். ஆனா ஏன் போறாங்க? பிள்ளைங்க குறைஞ்சா பணியிடம் குறையும். கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணைப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டே வாத்தியார்தான். அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேர். அதுல ஒருத்தர் தலைமை ஆசிரியர், பாதி நாள் எமிஸ்ல வருகை ஏத்துறதும் கூட்டத்துக்கு ஓடுறதுமா இருப்பாங்க. ஒரே டீச்சர் மூணு வகுப்பை ஒரே அறையில வச்சுப் பார்க்கிறதைப் பார்த்துட்டு இன்னும் நாலு பேர் டிசி வாங்குவாங்க. உடனே மறுபடி எண்ணிக்கை குறையும். இது தானாச் சுத்துற சக்கரம், எங்கேயாவது கையை வச்சு நிறுத்தணும். நிறுத்த வேண்டிய நிர்வாகம் என்ன பண்ணுச்சு? கழிப்பறைக் கதவு விழுந்து ரெண்டு வருசமாச்சு. அதே ரெண்டு வருசத்துல பக்கத்துப் பள்ளிக்கு வரவேற்பு வளைவு எழும்பியாச்சு. பங்குப் பணத்துல ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சரைப் பகுதி நேரமா இங்கயும் அனுப்பலாம்னு யாருக்கும் தோணல. அதே காம்பவுண்டு, நடந்து போனா அறுபது எட்டு.

இந்த விஷயத்துல அரசாங்கம் காட்டின அக்கறை கூட எங்க பங்கு காட்டலன்னு சொல்றதுக்கு எனக்கே கூச்சமா இருக்கு. 2022 செப்டம்பர்ல அரசு தொடக்கப்பள்ளிகள்ல காலை உணவு ஆரம்பிச்சாங்க. 2024 ஜூலை 15-ல கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு அதை நீட்டிச்சாங்க. தொடங்கி வச்ச இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. 2025 ஆகஸ்ட்ல நகர்ப்புறத்துக்கும் வந்துச்சு, தொடக்க விழா மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில. ரெண்டு தடவையும் மேடை போட்டது கத்தோலிக்கப் பள்ளியில! எங்க பள்ளிக்கும் உப்புமாவும் கிச்சடியும் வந்துச்சு. அம்மா சொன்னாங்க, காலையில சமையல் அக்கா தட்டு வைக்கிற சத்தம் கேட்டு, இன்னும் சேர்ற வயசு வராத தம்பி தங்கச்சிங்களும் வாசல்ல வந்து நிக்குதாம். டீச்சர் தன் டிபனைப் பிரிச்சு அதுங்க கையில வைக்கிறாங்களாம். இம்மாத நற்பண்புப் படம் எடுக்க ஆள் அங்க போயிருக்கலாம். போகல.

சமூக வாழ்வுன்னு எதைச் சொல்றோம்? புதுப் பள்ளியில மாசம் ஒரு தடவை பிள்ளைங்க பழைய துணி, பிஸ்கட் பாக்கெட் கொண்டு வந்து 'ஏழைகளுக்கு' கொடுக்கிற படம் பிடிஎஃப்ல வருது. அந்த ஏழைங்க சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணாம் வகுப்பு படிக்கிறாங்க. ஒரே மணி, ஒரே மைதானம், ஆனா இன்டர்வெல் நேரம் வேற வேற. கலந்துடக் கூடாதாம். நான் படிச்ச காலத்துல மீன்காரர் பிள்ளை, டீச்சர் பிள்ளை, டாக்டர் வீட்டுப் பிள்ளை, காலனிப் பிள்ளை எல்லாம் ஒரே பலகையில இருந்தோம். கல்லறையில கூட சாதிக்கு ஒரு மூலை ஒதுக்கி வச்சிருக்கிற பங்குகள் நம்மகிட்ட உண்டு. 2008-ல எறையூர்ல தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டது எங்க போய் முடிஞ்சதுன்னு மறந்திருக்க மாட்டீங்க. பெரியவங்க ஒட்டாத ஊர்ல பிள்ளைங்களாவது ஒட்டி உட்கார்ந்த இடம் அந்த ஓட்டுக் கட்டிடம்.

ஆக, பேரவைக்கு மெயில் போட்டுட்டேன். கேட்டது மூணே விஷயம். கழிப்பறைக் கதவும் ஓடும் மாத்துங்க. பழைய மாணவர்கள் நாங்க பதினோரு பேர் பணம் போடுறோம். வர்ற ஜூன்ல சேர்க்கைக்குக் கோயில்ல அறிவிப்பு வாசிக்கும்போது புதுப் பள்ளியோட சேர்த்து பழைய பள்ளி பேரையும் வாசிங்க. மாசப் பிடிஎஃப்ல பழைய பள்ளிக்கும் ரெண்டு பக்கம் ஒதுக்குங்க, முப்பத்தோரு பேரும் ஒரே ஃபோட்டோவுல. பதில் இன்னும் வரல. அண்ணாச்சி மட்டும் வாட்ஸப்புல கும்பிடு போட்டிருக்கார். அது சரிங்கிறதா, ஆளை விடுங்கிறதான்னு புரியல.

பி.கு.: ஊர் பேரும் பள்ளி பேரும் வேணும்னேதான் எழுதல. தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல போட்டு உடைச்சுடாதீங்க, அங்க வேலை பார்க்கிற ரெண்டு டீச்சருக்கும் சங்கடம். அதுக்குப் பதிலா உங்க ஊர் ஆர்.சி. பள்ளியில இப்போ எத்தனை பிள்ளைங்க, எத்தனை வாத்தியார்னு விசாரிச்சுப் போடுங்க. மெயிலோட அடுத்த பாகத்துக்கு உதவும்.