யாரும் வராத கோடை

அணி தோற்றால் யாரைத் திட்டுவது என்று ரசிகனுக்குத் தெரியும். கோலைக் கோட்டைவிட்ட ஸ்ட்ரைக்கர் இருக்கிறார், நடுவர் இருக்கிறார், போதாததற்கு மழையும் இருக்கிறது. ஆட்டமே இல்லாத ஜூலை மாதத்தில் கிளப் யாரையும் வாங்காமல் சும்மா கிடந்தால் இந்த வசதி எதுவும் இல்லை. நடக்காத ஒன்றைப் பார்த்துக் கோபப்பட வேண்டும். அந்தக் கலையில் லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ரசிகர்களை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஐரோப்பியக் கால்பந்தைப் பின்தொடராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் மாதிரி அங்கே ஏலம் கிடையாது. ஒரு வீரர் நாலைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு கிளப்பில் இருப்பார். அவர் வேண்டுமென்றால் அந்த கிளப்புக்குப் பணம் கட்டித்தான் அழைத்துப்போக முடியும். அதற்கும் ஆண்டில் இரண்டே முறைதான் அனுமதி, கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. இதுதான் டிரான்ஸ்ஃபர் விண்டோ. 2002-03 பருவத்தில் இங்கிலாந்துக்கு இந்த ஏற்பாடு வந்தது. அதன் பிறகு ஒரு கோடை முழுக்க ஒருவரைக்கூட வாங்காமல் இருந்த முதல் பிரீமியர் லீக் கிளப் டாட்டன்ஹாம். ஆண்டு 2018.

அந்த ஆண்டு விண்டோ வழக்கத்துக்கு மாறாக, லீக் தொடங்குவதற்கு முன்பே ஆகஸ்ட் 9 அன்று மூடப்பட்டது. லண்டனில் மாலை ஐந்து மணி, நமக்கு இரவு ஒன்பதரை. கடைசி நேரத்தில் யாராவது வருவார்கள் என்று கைப்பேசியை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன். லிவர்பூல் ரசிகனான என் அக்கா மகன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்து, "என்ன மாமா, உங்க ஆளுங்க பந்து பொறுக்கிப் போடுற பையனையாவது வாங்கினாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுடைய கிளப் அந்தக் கோடையில் கோல்கீப்பர் அலிசனையும் ஃபபின்யோவையும் வாங்கியிருந்தது. கேட்பதற்கு அவனுக்கு உரிமை இருந்தது.

எங்களுடையது ஒன்றும் மோசமான அணி அல்ல. வயிற்றெரிச்சலே அதனால்தான். முந்தைய பருவத்தில் லீக்கில் மூன்றாம் இடம். ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையின் அரையிறுதிக்கு வந்த நான்கு நாடுகளில் எங்கள் வீரர்கள் மட்டும் ஒன்பது பேர். வேறு எந்த கிளப்பிலிருந்தும் அத்தனை பேர் இல்லை. அதிக கோல் அடித்ததற்கான தங்கக் காலணி ஹாரி கேனுக்கு. கோப்பையைத் தூக்கிய பிரான்ஸ் கேப்டன் ஹியூகோ லோரிஸ் எங்கள் கோல்கீப்பர். பயிற்சியாளர் மௌரிசியோ பொச்செட்டினோ முந்தைய பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்ததும், கிளப் இனித் துணிந்து சில காரியங்கள் செய்தாக வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். சில நாளில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். மனுஷன் கேட்டது கிடைக்கப்போகிறது, அதனால்தான் கையெழுத்திட்டார் என்று நாங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டோம். கிளப்பும் துணிந்துதான் இருந்தது, யாரையும் வாங்காமல் இருப்பதில்.

ஏன் வாங்கவில்லை என்பதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பழைய வைட் ஹார்ட் லேன் மைதானத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய புது அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. செலவு ஏறத்தாழ 100 கோடி பவுண்டு. 2018 செப்டம்பரில் திறப்பதாக இருந்தது, பாதுகாப்பு அமைப்புகளில் கோளாறு என்று தள்ளித் தள்ளி 2019 ஏப்ரல் 3இல்தான் திறந்தது. அதுவரை வாடகைக்கு வெம்ப்ளி. இன்னொரு சிக்கல், லீக்கின் 25 பேர் பட்டியலில் உள்ளூரில் வளராத வீரர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. யாரையாவது அனுப்பினால்தான் வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவர முடியும் என்ற நெருக்கடி. அனுப்ப நினைத்தவர்களுக்கோ கேட்ட விலை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தக் கோடையில் வாங்கப் பார்த்துக் கோட்டைவிட்ட ஜாக் கிரீலிஷ்.

அவர் உள்ளூரில் வளர்ந்தவர், ஆகவே அந்த 17 கணக்கு அவருக்குப் பொருந்தாது. வயது 22. அவருடைய ஆஸ்டன் வில்லா அப்போது இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. மே மாதம் பிளே-ஆஃப் இறுதியில் ஃபுல்ஹாமிடம் தோற்று, பிரீமியர் லீக் பணம் கைநழுவி, வரி பாக்கி கட்டவே திண்டாடிக்கொண்டிருந்தார்கள். விற்றே தீர வேண்டிய நிலை. இப்படிப்பட்ட விற்பனையாளரிடம் இன்னும் இரண்டு வாரம் காத்திருந்தால் விலை இன்னும் இறங்கும் என்பது அன்றைய டாட்டன்ஹாம் தலைவர் டேனியல் லெவியின் பழக்கமான கணக்கு. அந்தப் பழக்கம் பல முறை கிளப்புக்கு லாபம் தேடிக் கொடுத்ததும் உண்மை. இந்த முறை ஜூலையில் நசீஃப் சவிரிஸ், வெஸ் ஈடன்ஸ் என்ற இரண்டு பெரும்பணக்காரர்கள் வில்லாவை வாங்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து வில்லாவுக்கு யார் பணமும் தேவைப்படவில்லை. கிரீலிஷ் அங்கேயே தங்கி, அடுத்த மே மாதமே வில்லாவைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். 2021இல் மான்செஸ்டர் சிட்டி அவரை 10 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அன்றைக்கு ஒரு பிரிட்டிஷ் கிளப் கொடுத்த உச்ச விலை அது.

ஜனவரி வந்தது, அப்போதும் யாரும் வரவில்லை. ஒருவர் போனார். நடுக்களத்தைத் தாங்கிக்கொண்டிருந்த மூசா டெம்பெலே சீனாவுக்குப் புறப்பட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. கேனுக்குக் கணுக்காலில் அடி, சன் ஹியுங்-மின் தென்கொரியாவுக்காக ஆசியக் கோப்பைக்குப் போய்விட்டார். இப்படி இருக்க, ஏப்ரலில் கிளப் கணக்கு வெளியானது. 2018 ஜூனில் முடிந்த ஆண்டில் வரி போக லாபம் 11.3 கோடி பவுண்டு, அதுவரை உலகில் எந்தக் கால்பந்து கிளப்பும் காணாத லாபம். தம் கிளப் லாபத்தில் உலக சாதனை படைத்தது என்று கேட்டு எரிச்சல்பட்ட ஒரே ஜனம் நாங்களாகத்தான் இருப்போம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இந்த அணி ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிக்குப் போய்விட்டது!

முதல் மூன்று குழு ஆட்டங்களில் ஒரே ஒரு புள்ளி. அங்கிருந்து தட்டுத்தடுமாறி, கடைசி ஆட்டத்தில் பார்சிலோனாவில் 85ஆவது நிமிடம் லூக்காஸ் மௌரா அடித்த சமன் கோலில் தப்பித்தது. டார்ட்மண்டை வென்றது. மான்செஸ்டர் சிட்டியை, மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்தவருக்கே வெற்றி என்ற அப்போதைய கணக்கில் தாண்டியது, கடைசி நொடியில் ஸ்டெர்லிங் அடித்த கோலை வீடியோ நடுவர் ரத்து செய்ய. அரையிறுதியில் அயாக்ஸ். சொந்த மண்ணில் 0-1 தோல்வி, ஆம்ஸ்டர்டாமில் இடைவேளையின்போது 0-2. கேன் காயத்தில் வெளியே. நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டம் அது. இடைவேளையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் எத்தனை பேரோ. விழித்திருந்தவர்கள் இரண்டாம் பாதியில் லூக்காஸ் மூன்று கோல் அடித்ததைப் பார்த்தோம். மூன்றாவது 96ஆவது நிமிடத்தில், மறுபடியும் அதே வெளியூர் கோல் கணக்கில் இறுதிக்கு. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், கத்தவும் முடியாது. தலையணையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த லூக்காஸ்தான் கிளப் கடைசியாக வாங்கிய வீரர், 2018 ஜனவரி 31 அன்று. அவருக்குப் பிறகு ஆளே வரவில்லை. ஆனாலும் பத்திரிகைகளில் வேறு பாட்டு. ஒருவரையும் வாங்காமலே இறுதிக்கு வந்துவிட்டார்களே, இதுவன்றோ நிர்வாகம் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஆகஸ்டில் கத்திய ரசிகர்களுக்கு ஆட்டம் தெரியாது என்பது அதன் உள்ளர்த்தம். மாட்ரிட்டில் ஜூன் 1 அன்று நடந்த இறுதியில் அரை நிமிடத்துக்குள் பந்து எங்கள் சிசோகோவின் கையில் பட்டது, பெனால்டி, சலாவின் கோல். 87ஆவது நிமிடத்தில் ஒரிகி இன்னொன்று. லிவர்பூல் 2, டாட்டன்ஹாம் 0. அக்கா மகன் மரியாதை கருதி அன்று என்னிடம் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

நாக்-அவுட் போட்டியில் அதிர்ஷ்டம் ஒரு வசந்தகாலம் முழுக்கக்கூட ஒரு பக்கம் நிற்கும். 38 ஆட்ட லீக்கில் நிற்காது. லீக் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2016-17இல் 86 புள்ளிகள், இரண்டாம் இடம். அடுத்து 77. யாரையும் வாங்காத அந்தப் பருவத்தில் 71, அதிலும் கடைசி 12 ஆட்டங்களில் வென்றது மூன்றுதான். அதற்கடுத்த பருவம் 59, ஆறாம் இடம். ஐரோப்பாவில் இறுதிக்குப் போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில் அணி உள்ளூரில் உதிர்ந்துகொண்டிருந்தது. கோடையில் ஓடு மாற்றாத வீடு ஆடியில் ஒழுகாது, ஐப்பசியில்தான் ஒழுகும்.

எங்களுக்கும் ஐப்பசி வாக்கில்தான் ஒழுகியது. 2019 அக்டோபர் 1, புது அரங்கத்தில் பாயர்ன் மியூனிக் 7, டாட்டன்ஹாம் 2. ஏழில் நான்கு கோல் செர்ஜ் க்னாப்ரி அடித்தது. நான்கு நாள் கழித்து பிரைட்டனிடம் 0-3. நவம்பர் 19 அன்று பொச்செட்டினோவை நீக்கினார்கள், அணி அப்போது 14ஆம் இடம். ஐரோப்பிய இறுதிக்கு அழைத்துச் சென்று ஆறு மாதம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் அந்தக் கோடையில் கிளப் பணத்தை அவிழ்த்திருந்தது. என்டோம்பெலேயை அதுவரையிலான கிளப் வரலாற்றிலேயே அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். லோ செல்சோ, செசென்யோன் வந்தார்கள். ஒரே சமயத்தில் எல்லோரையும் கொண்டுவந்து, ஓய்ந்துபோன அணிக்குள் பொருத்தப் பார்த்தால் பொருந்துமா? அவர்களை ஒவ்வொருவராக முந்தைய மூன்று விண்டோக்களில் சேர்த்திருக்க வேண்டும்.

வாங்குவதே வைத்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. 2013இல் கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு உலக சாதனை விலைக்கு விற்ற காசில் எங்கள் ஆட்கள் ஏழு பேரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். எரிக்சன் ஒருவர்தான் முழுசாகத் தேறினார், லமேலாவை வேண்டுமானால் அரை மதிப்பெண் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். சோல்தாதோ பந்தை வலைக்குள் அனுப்பத் திணறியதை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

சும்மா இருந்தே ஜெயித்தவர்களும் உண்டு. 2024 கோடையில் லிவர்பூல் கேட்ட சுபிமென்டி வரமாட்டேன் என்று ஸ்பெயினிலேயே நின்றுவிட்டார். அந்தப் பருவத்தில் ஆடுவதற்கென்று வந்தவர் ஃபெடரிகோ கியேசா ஒருவர், அவரும் பெரும்பாலும் பெஞ்சில்தான். அப்போது புலம்புவது அக்கா மகனின் முறை. "மாமா, உங்க வியாதி எங்களுக்கும் தொத்திக்கிச்சு" என்றான். அடுத்த ஏப்ரல் 27 அன்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே அவர்கள் லீக்கை வென்றார்கள். அன்றைக்கு எதிரில் ஆடி 1-5 என்று தோற்றது எந்த அணி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் 2018க்கும் 2024க்கும் என்ன வித்தியாசம்? லிவர்பூலுக்கு முந்தைய கோடையில்தான் நடுக்களம் முழுக்கப் புதிதாக்கப்பட்டிருந்தது. மாக் அலிஸ்டர், சோபோஸ்லாய், கிராவன்பெர்க் எல்லோரும் 2023இல் வந்த இளைஞர்கள். அவர்கள் வளர ஒரு கோடை சும்மா இருப்பதில் நியாயம் இருந்தது. அவர்களுக்கும் ஒரு ஓட்டை இருந்தது, சலா, வான் டைக், அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட் மூவருக்கும் அது ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. முதல் இருவரும் ஏப்ரலில் கையெழுத்திட்டார்கள், மூன்றாமவர் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். டாட்டன்ஹாமில் 2018இல் நடந்தது வேறு. வெர்டோங்கனும் டெம்பெலேயும் முப்பதைத் தாண்டிவிட்டார்கள், ஆல்டர்வைரெல்டு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மூவருக்கும் ஒப்பந்தம் முடியும் தறுவாயில். எரிக்சனுக்கு இரண்டே ஆண்டு பாக்கி, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லை, 2020 ஜனவரியில் இன்டர் மிலானுக்குப் போனார். வாங்காததைவிட, இருப்பவர்களை என்ன செய்வது என்று முடிவெடுக்காததுதான் அந்தக் கோடையின் குற்றம். ஆகஸ்ட் 9 இரவில் கத்தியவர்கள் இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கத்தவில்லை என்பது உண்மை. ஆனாலும் சரியான இடத்தில்தான் கத்தினார்கள்.

ஆகவே அடுத்த விண்டோவில் உங்கள் கிளப் சும்மா கிடந்தால், யார் வரவில்லை என்று பார்த்துப் பொருமாதீர்கள். முதல் பதினொரு பேரில் எத்தனை பேருக்கு இன்னும் இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்தம் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பேர் என்றால் பொறுத்திருங்கள். நான்கு பேர் என்றால் தாராளமாகத் திட்டலாம்; அந்த அணி அடுத்த மே மாதம் ஐரோப்பிய இறுதிக்கே போனாலும் திட்டை வாபஸ் வாங்க வேண்டாம்.